பாமாயிலுக்கு மாற்றாகக் கடலை எண்ணெய் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியாயவிலைக் கடைகளில் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று தென்னை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நானும் தென்னை விவசாயிதான். பேராவூரணிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை ஏக்கர் தோப்பு இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் அதில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்தது. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள்தாம் இப்போது காய்ப்புக்கு வந்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். கோரிக்கையின் முதல் பாதியை, அதாவது பாமாயிலை மாற்ற வேண்டும் என்பதை, முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். இரண்டாம் பாதியை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அந்த இடத்துக்கு வர வேண்டியவை கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் என்பதைக் காரணங்களோடு எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

என்னை எழுத வைத்தது என் தம்பியின் நெஞ்சுவலி. தோப்பைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். 51 வயது, பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது, சர்க்கரை இருந்தும் இரண்டு ஆண்டுகளாகப் பரிசோதிக்காமல் விட்டிருந்தான். ஒரு நாள் காலை காய் வெட்டுக்கு ஆள் வந்திருந்தபோது நெஞ்சை அடைப்பதாகச் சொல்லி, வாய்வுத் தொல்லை என்று நினைத்துச் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்ததைப் பார்த்த காய் வெட்டுபவர்தான் வண்டியில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும், 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் வைத்திருக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தான். அந்த மாத்திரைகளுக்காக அரசுக்கு நான் வாழ்நாள் முழுவதும் நன்றி உடையவன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவன் மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "மாமா, இனிமே எந்த எண்ணெயில சமைக்கிறது?" என்று கேட்டார். அலமாரியில் ரேஷன் பாமாயில் பாக்கெட் ஒன்று, வாய் வெட்டிய நிலையில், டம்ளருக்குள் நிற்க வைத்திருந்தது. பக்கத்தில் எங்கள் தோப்புக் கொப்பரையை ஆட்டிய தேங்காய் எண்ணெய் எவர்சில்வர் தூக்கில் இருந்தது. இட்லிப் பொடிக்கு மட்டும் என்று ஒரு சிறிய பாட்டிலில் நல்லெண்ணெய். தாளிக்க, பொரிக்க, வதக்க எல்லாவற்றுக்கும் முதல் இரண்டுதான். வேதியியல் ஆசிரியராக இருந்தும், தம்பி வீட்டு அலமாரியை அதுவரை நான் அந்தக் கண்ணோடு பார்த்ததே இல்லை.

எண்ணெய் ஒன்றுதான் அவன் நெஞ்சுவலிக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை, குடும்ப வாகு, மூன்று வேளையும் சோறு என்று பல காரணங்கள் இருந்தன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டவரைவிடச் சுமார் 6 ஆண்டுகள் முன்னதாகவே, சராசரி 53 வயதில், வருவதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியிருக்கிறது. பல காரணங்களில் எண்ணெயும் ஒன்று. மற்றவற்றை ஒவ்வொரு குடும்பமும் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்க, இந்த ஒன்றை மட்டும் அரசே தன் கையால் கோடிக்கணக்கான வீடுகளுக்கு மாதந்தோறும் அளந்து கொடுக்கிறது. ஆகவேதான் இது பொதுப் பேச்சுக்கு உரியதாகிறது.

எண்ணெய்களின் வேறுபாடு அவற்றிலுள்ள கொழுப்பமிலங்களில் இருக்கிறது. கொழுப்பமிலம் என்பது கரிம அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு எதுவும் இல்லாமல் நேராக நிற்பது நிறைவுற்ற கொழுப்பு. ஓரிடத்திலோ பல இடங்களிலோ இரட்டைப் பிணைப்பு வந்து சங்கிலி வளைந்தால் அது நிறைவுறாக் கொழுப்பு. நேரான குச்சிகளை நெருக்கி அடுக்கிவிடலாம். வளைந்த குச்சிகள் அப்படி அடங்குவதில்லை. மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைவதும், பக்கத்திலேயே இருக்கும் கடலை எண்ணெய் உறையாமல் நிற்பதும் இதனால்தான். வகுப்பில் இரண்டு பாட்டில்களையும் மேசைமேல் வைத்து நான் காட்டாத டிசம்பர் கிடையாது. அப்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது எழுந்து, "அப்படின்னா ரத்தக் குழாயிலயும் இப்படித்தான் உறையுமா சார்?" என்று கேட்கும். உறையாது. உடலின் 37 பாகைச் சூட்டில் தேங்காய் எண்ணெயும் திரவம்தான். சாப்பிட்ட எண்ணெய் நேராகப் போய்க் குழாயில் படிவதில்லை. தீங்கு கல்லீரல் வழியாக வருகிறது.

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் தன் பரப்பிலுள்ள ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் ஏற்பிகளின் வேலை குறைகிறது. பிடிக்க ஆளில்லாத எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பங்கு ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் புகுந்து தங்கி, ஆண்டுக்கணக்கில் வீங்கிப் புடைத்து, ஒரு நாள் அந்தப் புடைப்பின் மேல்தோல் கிழிய, அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. என் தம்பிக்குச் சோடா குடித்த அன்று நடந்தது இந்தக் கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய கட்டங்கள் பல ஆண்டுகளாகச் சத்தமின்றி நடந்திருக்கும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ரேஷனில் கிடைக்கும் பாமோலின் எண்ணெயில் (பாமாயிலின் திரவப் பகுதி) நிறைவுற்ற கொழுப்பு சுமார் 40 முதல் 45 விழுக்காடு. கடலை எண்ணெயில் 20 விழுக்காட்டுக்கும் கீழ். நல்லெண்ணெயில் 15 விழுக்காட்டை ஒட்டி. தேங்காய் எண்ணெயிலோ 80 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் அதை ஒரு மாதத்துக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழரை கிராம் வரும். அதில் நிறைவுற்ற கொழுப்பு, பாமோலின் என்றால் 3 கிராமுக்குச் சற்று மேல், கடலை எண்ணெய் என்றால் ஒன்றரை கிராமுக்குள், தேங்காய் எண்ணெய் என்றால் 6 கிராமுக்கு மேல். மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். ரேஷன் எண்ணெய் மட்டுமே இந்த எல்லையைத் தாண்டாது என்பது உண்மை. பால், தயிர், தேங்காய்ச் சட்னி, கடை வடை, பேக்கரி பப்ஸ் எல்லாம் இதற்கு மேல் சேருபவை. வெளியில் வாங்க வசதியில்லாத குடும்பம் அடுத்த லிட்டரையும் பாமாயிலாகவே வாங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது; நாக்கும் சமையலும் ரேஷன் எண்ணெய்க்கே பழகிவிடுகின்றன.

ரேஷன் எண்ணெயை மாற்றினால் ஊரே பயன்பெறுமா என்று கேட்பவர்களுக்கு, கற்பனை செய்யத் தேவையில்லாதபடி ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சிடும் மொரிஷியஸ் தீவு அது. அங்கேயும் அரசு மானியத்தில் ரேஷன் எண்ணெய் கொடுத்தது. அதில் பெரும்பகுதி பாமாயில். இதய நோயும் சர்க்கரையும் அந்தத் தீவை வாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 1987 இல், அரசு ரேஷன் எண்ணெயை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1987 இலும் 1992 இலும் மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் ஒரு லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். நம் ஆய்வகச் சீட்டுக் கணக்கில் சுமார் 212 இலிருந்து 182. இது மருந்து சாப்பிட்ட நோயாளிகளின் கணக்கன்று. சாதாரண மக்களின் சராசரி. ஐந்தே ஆண்டுகளில் நடந்தது. அதே காலத்தில் புகைப்பழக்கத்துக்கு எதிரான பிரசாரம் போன்ற வேறு முயற்சிகளும் நடந்ததால், குறைவு முழுவதையும் எண்ணெயின் கணக்கில் எழுத முடியாது. நிறைவுற்ற கொழுப்பு குறைந்ததே ஆண்களிடம் ஏறத்தாழ பாதிக்கும், பெண்களிடம் ஐந்தில் இரண்டு பங்குக்கும் காரணம் என்று ஆய்வாளர்களே பிரித்துச் சொன்னார்கள். மக்களின் உடல் எடை அந்த ஐந்து ஆண்டுகளில் குறையவில்லை, கூடியிருந்தது. அப்படியிருந்தும் கொலஸ்ட்ரால் இறங்கியது. பாமாயிலிலிருந்து தேங்காய் எண்ணெய்க்குப் போனால் நாம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போவோம்.

தேங்காய் எண்ணெய் 'நல்ல கொழுப்பு' என்று இப்போது கைப்பேசியில் பரவும் செய்திகளை என் உறவினர்களும் எனக்கு அனுப்பாத நாள் இல்லை. அவற்றில் சொல்லப்படுவதைத் தட்டிக்கழிக்காமல் பார்க்கிறேன். அதிலுள்ள லாரிக் அமிலம் எச்.டி.எல். எனப்படும் நல்ல கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்பது உண்மைதான். ஆனால் எல்.டி.எல்.-ஐயும் உயர்த்துகிறது. பல ஆய்வுகளைத் திரட்டி 2020 இல் வெளியான மதிப்பீட்டில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எல்.டி.எல். சுமார் 10 மில்லிகிராமும் எச்.டி.எல். சுமார் 4 மில்லிகிராமும் கூடியிருந்தன. எச்.டி.எல். கூடினால் இதயம் காக்கப்படும் என்ற நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அதை வெகுவாக உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையை, இறப்புகள் கூடியதால், 2006 இல் பாதியில் நிறுத்தினார்கள். லாரிக் அமிலம் 'நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு', அது உடனே எரிந்துவிடும் என்பது அடுத்த வாதம். உடனே எரிவது 8, 10 கரிம அணுக்கள் கொண்ட சிறிய சங்கிலிகள். தேங்காய் எண்ணெயில் அவை ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 12 கரிம அணுக்கள் கொண்ட லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி, நீண்ட சங்கிலிகளைப் போலவே நிணநீர் வழியாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது.

கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2016 இல் வெளியான ஓர் ஆய்வையும் எடுத்துக்காட்டுகிறார்கள். தேங்காய் எண்ணெயில் சமைத்தவர்களுக்கும் சூரியகாந்தி எண்ணெயில் சமைத்தவர்களுக்கும் அதில் வேறுபாடு தெரியவில்லை. நேர்மையாக நடந்த ஆய்வு. நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது என்பதால் இன்னும் மதிப்பு வைக்கிறேன். ஆனால் அவர்கள் எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டேட்டின் உள்ளிட்ட சிகிச்சையில் இருந்தவர்கள். அந்த மாத்திரையின் காவலில் இருப்பவர்களிடம் தெரியாத வேறுபாடு, எந்த மாத்திரையும் எடுக்காத ரேஷன் அட்டைக் குடும்பத்தில் தெரியாமல் போகும் என்று சொல்ல முடியாது.

நம் முன்னோர் தேங்காய் தின்றுதானே திடமாக வாழ்ந்தார்கள் என்பதும் சரியான கேள்வியே. டெல்டாவில் தேங்காய் சட்னிக்கும் குழம்புக்கும் போனது. அந்த எண்ணெய் பெரும்பாலும் தலைக்குத் தேய்க்கத்தான். தாளிக்க நல்லெண்ணெய், பலகாரத்துக்குக் கடலை எண்ணெய் என்றுதான் என் பாட்டி வைத்திருந்தார். துருவிய தேங்காயில் நார்ச்சத்து இருக்கிறது, அளவும் கைப்பிடிக்குள் நின்றுவிடும். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மரச்செக்கில் ஆட்டினால் தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லதாகிவிடும் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். செக்கில் ஆட்டுவதால் மணமும் சில நுண்சத்துகளும் தங்கும், கொழுப்பமிலம் மாறாது. பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொலஸ்ட்ரால் விலங்குப் பொருள்களில் இருப்பது. எந்தத் தாவர எண்ணெயிலும் பொருட்படுத்தும் அளவுக்கு அது கிடையாது. ரத்தத்தில் எவ்வளவு கூடும் என்பதே பார்க்க வேண்டியது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். கொழுப்பை மொத்தமாக ஒதுக்குவது தீர்வாகாது. எண்ணெயைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் கூடுதல் சோற்றாலும் மைதாவாலும் நிரப்பினால் இதயத்துக்கு லாபம் எதுவும் இல்லை. ரத்தத்திலுள்ள மற்றொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறும், சர்க்கரையும் ஏறும். நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு வரும்போதுதான் பயன். இதய ரத்தக் குழாய் நோய்கள் அப்போது சுமார் 30 விழுக்காடு குறைவதாக அமெரிக்க இதயச் சங்கம் 2017 இல் வெளியிட்ட அறிவுரை, முக்கியச் சோதனைகளைத் தொகுத்துச் சொன்னது. மாறுபட்ட முடிவு தந்த சோதனைகளும் உண்டு. 1968 முதல் 1973 வரை மின்னசோட்டாவில் நடந்த சோதனையில் சோள எண்ணெயால் கொலஸ்ட்ரால் இறங்கியும் இறப்பு குறையவில்லை. எனவே மந்திரம்போல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் மொத்தத்தில் சான்றுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் நம் நாடு ஏற்கெனவே ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதி செய்யும்போது உண்டாகும் இந்தக் கொழுப்பு, எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐ இறக்கும், எல்லாவற்றிலும் மோசமானது. எண்ணெய்களிலும் உணவுப் பொருள்களிலும் அதற்கு 2 விழுக்காடு என்ற உச்சவரம்பு 2022 சனவரி முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் போட்டதும் ஆலைகள் மாறின. யாரும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அறிவுரை சொல்லவில்லை. ரேஷன் எண்ணெயிலும் அதேபோல் ஒரே ஒரு கொள்முதல் ஆணை போதும்.

அந்த ஆணைக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். 2007 இல் தொடங்கிய சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கப்படுகிறது. அரசு அதைக் கொள்முதல் செய்யும் விலை அதைவிடப் பல மடங்கு. ஆக, மானியம் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. போய்ச் சேருமிடம் இந்தோனேசியாவும் மலேசியாவும். அதே மானியத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது திருவண்ணாமலை, விழுப்புரம் நிலக்கடலை விவசாயிக்கும், நெல் அறுத்த வயலில் கோடை எள் விதைக்கும் டெல்டா விவசாயிக்கும் போகும். மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதத்தில் கடலை எண்ணெய் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இரண்டு மூன்று மாவட்டங்களில் தொடங்கி, ஒரு லிட்டரில் பாதியைக் கடலை எண்ணெயாகவும் பாதியைப் பாமாயிலாகவும் கொடுத்து, விளைச்சல் கூடக் கூட விரிக்கலாம். கூடவே இரண்டு பரிசோதனைகள் கட்டாயம் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையிலிருந்து அஃப்ளாடாக்சின் நஞ்சு வடிகட்டிய எண்ணெயில் வரக்கூடும் என்பதால் ஒவ்வொரு தொகுதிக்கும் அந்தச் சோதனை. விலை குறைந்த பாமோலினைக் கலந்து கடலை எண்ணெய் என்று விற்காமலிருக்க, கொழுப்பமில அளவைக் காட்டும் வாயு நிறப்பிரிகைச் சோதனை.

என் சக தென்னை விவசாயிகள் கோபப்படக் கூடும். கொப்பரைக்குக் கட்டுப்படியான விலை, கொள்முதல் நிலையங்கள் காலத்தில் திறப்பது, வாடல் நோய்க்கு நிவாரணம், நீரா இறக்கி விற்க எளிய உரிமம், சோப்பு ஆலைகளுக்கு உள்ளூர் எண்ணெய் என்று எதற்கு அழைத்தாலும் நான் கொடியோடு முன்வரிசையில் நிற்பேன். லாரிக் அமிலம் மிகுந்த எண்ணெயைப் போல நுரைக்கும் சோப்புக்கு ஏற்றது வேறில்லை. அந்தச் சந்தை நமக்கு உரியது. ஆனால் நம் காய் விற்க வேண்டும் என்பதற்காக, எந்த எண்ணெய் தருகிறார்களோ அதை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லாத குடும்பங்களின் சட்டியில் அதை ஊற்றச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

தம்பி வீட்டில் இப்போது தாளிக்கக் கடலை எண்ணெய், பொடிக்கும் குழம்புக்கும் நல்லெண்ணெய், சட்னிக்குத் தோப்புத் தேங்காய். நால்வருக்கும் சேர்த்து மாதம் இரண்டரை லிட்டருக்குள் நிற்கிறது. பாமாயில் அட்டையில் இன்னும் வருகிறது. அதை வேண்டாமென்று சொல்லக்கூடிய வசதி அவர்களுக்கு இருக்கிறது. எங்கள் தோப்பில் காய் உரிக்க வரும் அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. சென்ற மாதம் தம்பி மனைவி தங்கள் பங்குப் பாக்கெட்டை அவரிடம் கொடுத்தபோது, "உங்க வீட்டுக்காரருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாராமே, எங்களுக்கு மட்டும் ஆகுமா தாயி?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிப் பையில் வைத்தார். உணவு வழங்கல் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தக் கேள்விக்கு வரும் நிதிநிலை அறிக்கைக்குள் பதில் தயாரிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.